கல்லூரியில் எச்.ஐ.வி. விழிப்புணர்வு நிகழ்ச்சி: பரிசோதனைக் கூடாரத்தை எங்கே போடுவது?

காவிரிக்கரை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காவிரிப் படுகையில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். மூன்று ஆண்டுகளாகச் மாணவர்களிடம் எச்.ஐ.வி. விழிப்புணர்வை வளர்க்கும் செஞ்சுருள் சங்கத்தின் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் நாளை முன்னிட்டு இந்த ஆண்டு நடத்தவிருக்கும் நிகழ்ச்சி குறித்து, களத்தில் வேலை செய்தவர்களிடமும் இந்தச் சேவைகளைப் பயன்படுத்தியவர்களிடமும் ஆலோசனை கேட்கவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரித் திடலில் பந்தல் போட்டோம். ஏறத்தாழ 400 மாணவர்கள் அமர்ந்திருந்தார்கள். மேடைக்கு இடப்பக்கம், வேப்பமரத்தடியில், இலவச எச்.ஐ.வி. பரிசோதனைக்கான கூடாரம். அதன் வாசலில் ஒரு மேசை, மேசையில் ஒரு பெரிய பதிவேடு; அதில் பெயர், துறை, கைப்பேசி எண் என்று மூன்று கட்டங்கள். அந்தப் பதிவேட்டை வாங்கிக் கோடு போட்டு வைத்தவள் நான்தான். சிறப்பு விருந்தினராக வந்த மருத்துவர் ஒரு மணி நேரம் பேசினார். நோய் முற்றியவர்களின் படங்களைத் திரையில் காட்டினார். ஒழுக்கமாக வாழ்ந்தால் இந்த நோய் உங்களை அண்டாது என்று மூன்று முறையாவது சொன்னார். மாலைக்குள் பரிசோதனைக்கு வந்தவர்கள் 11 பேர். அவர்களில் 9 பேர், எண்ணிக்கை குறைகிறதே என்ற பதைப்பில் நானே அனுப்பிவைத்த தொண்டர்கள்.

இரண்டு வாரம் கழித்து மாணவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை விட்டிருக்கிறேன். தான் ஆண்களை விரும்புகிறவன் என்றும், சில மாதங்களுக்கு முன் ஏற்பட்ட ஓர் உறவுக்குப் பிறகு தொற்று வந்திருக்குமோ என்ற அச்சத்தில் உறக்கமே இல்லை என்றும் சொன்னார். "அம்மா, அந்தக் கூடாரத்துக்குப் போக மூன்று முறை எழுந்தேன். ஒவ்வொரு முறையும் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. தண்ணீர்க் குடம் இருந்த இடத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்" என்றார். மறுநாள் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு அவரோடு நானும் போனேன். தொற்று இல்லை. ஆனால் அன்று அந்தப் பந்தலில் இன்னும் எத்தனை பேர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினார்கள் என்ற எண்ணம் என்னை விடவே இல்லை.

இந்த ஆண்டு, தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலிய பால்புதுமையர் குறித்த அறிமுகத்தையும் சேர்த்து நடத்த விரும்புகிறேன். அங்கேதான் தயங்குகிறேன். எச்.ஐ.வி.யையும் தன்பாலீர்ப்பையும் ஒரே மேடையில் பேசினால், இது அவர்களின் நோய் என்ற பழைய எண்ணத்தை நானே மாணவர் மனத்தில் ஊன்றியவள் ஆகிவிடுவேனா? பேசாமல் விட்டால், பேச வேண்டியவர்களை விட்டுவிட்டதாக ஆகாதா? திருநங்கை ஒருவரை அழைக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். எப்படி அழைப்பது முறை? கூடாரத்தை எங்கே போடுவது, அல்லது போடாமலே விடுவதா? கல்லூரி முதல்வர், சட்டச் சிக்கல் ஏதும் வராது என்று எழுத்தில் காட்டினால் ஒப்புதல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மஞ்சள் பை எழுதியது:

பேராசிரியர் அம்மாவுக்கு வணக்கம். நான் திருநங்கை. பதினாறு ஆண்டுகளாக எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் முதலில் சக கல்வியாளராகவும் பிறகு களப்பணியாளராகவும் வேலை செய்கிறேன். தோளில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் ஆணுறைப் பெட்டி, ஜெல் பொட்டலங்கள், நம்பிக்கை மையத்துக்கான பரிந்துரைச் சீட்டு: இவ்வளவுதான் என் அலுவலகம்.

உங்கள் கூடாரக் கேள்விக்கு, கூவாகத்தில் நான் கற்றதை வைத்துப் பதில் சொல்கிறேன். சித்திரை மாதத்தில் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு எங்கள் மக்கள் பல மாநிலங்களிலிருந்தும் வருவது உங்களுக்குத் தெரியும். பௌர்ணமி இரவில் அரவானை நினைத்துத் தாலி கட்டிக்கொள்கிறோம். மறுநாள் அரவான் களப்பலியான பின் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஒப்பாரி வைக்கிறோம். அந்த இரவில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிற இடத்தில் ஒரு பரிசோதனைக் கூடாரம் போட்டால் வரிசை நிற்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். தாலி கட்டிய மகிழ்ச்சியில் இருப்பவளை ரத்தம் கொடுக்க வா என்று கூப்பிட்டால் அவள் எப்படி வருவாள்? அன்றைக்கு அவள் மணப்பெண். அவள் வருவது அதற்கு இரண்டு நாள் முன்னால், விழுப்புரத்தில் விடுதி அறை எடுத்து, குளித்து, தலை உலர்த்திக்கொண்டு, கூட வந்தவர்களோடு கதை பேசிக்கொண்டிருக்கும் மத்தியான நேரத்தில். அந்த அறைக்கு நாங்கள் போக வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும். ஊர், ஜமாத் என்னும் எங்கள் குழு, குரு யார் என்று பேச்சு வளர்ந்து, வெகுநேரம் கழித்து அவளே கேட்பாள்: "அக்கா, போன மாசத்திலிருந்து இந்த இடத்தில் ஒரு புண், ஆறவே இல்லை." அதுதான் வாசல். அதன் வழியாகத்தான் பால்வினைத் தொற்றுக்குச் சிகிச்சை தரும் சுக வாழ்வு மையத்துக்கும் நம்பிக்கை மையத்துக்கும் அவளைக் கூட்டிப்போக முடியும். விழா நாளில் நடப்பது ஆணுறை வழங்குவது, தண்ணீர் கொடுப்பது, வம்பு செய்பவர்களிடமிருந்து காப்பது ஆகிய வேலைகள்தான். அவையும் தேவையானவைதான், அம்மா. ஆனால் பரிசோதனை வேறு நாளில், வேறு இடத்தில், வேறு குரலில் நடக்கிறது.

எங்கள் மையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரப் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், மாடியில் ஒரே ஓர் அறை. அங்கே இருக்கும் பொருள்களில் மிகவும் பயன்படுவது சுவரில் மாட்டிய ஆளுயரக் கண்ணாடி. மாலை ஆறு மணிக்குச் சட்டையும் கால்சட்டையுமாக, கடை வேலை முடித்துவிட்டு ஒரு கோத்தி, அதாவது ஆணாகப் பிறந்து தன்னுள் பெண்மையை உணர்கிறவள், வருவாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பொட்டு வைப்பாள், மை தீட்டுவாள், தாவணியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு எட்டு மணிப் பேருந்துக்கு ஓடுவாள். வீட்டில் மனைவியும் குழந்தையும் இருப்பார்கள். அந்தக் கண்ணாடியை வாங்கியதற்கான செலவு எந்தத் தலைப்பில் வரும் என்று ஒருமுறை தணிக்கைக்கு வந்தவர் கேட்டார். எச்.ஐ.வி. தடுப்பு என்ற தலைப்பில்தான் வரும் என்று சொன்னேன். அந்தக் கண்ணாடிக்காக வருகிறவள்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கும் வருகிறாள்.

எங்களில் ஒருவரை மேடைக்கு அழைக்க விரும்பினால் மூன்று விஷயங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். எங்கள் துயரக் கதையைக் கேட்டு அழுவதற்காக அழைக்காதீர்கள். வீட்டை விட்டு எப்போது வந்தாய், அறுவை சிகிச்சை செய்தாயா என்ற கேள்விகளை மாணவர்கள் கேட்க இடம் கொடுக்காதீர்கள். நாங்கள் அறிந்த வேலையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். ஆணுறையை எப்படி அணிவது, காவல்துறையினர் மிரட்டினால் என்ன செய்வது, பயந்து போய் வருகிறவனிடம் முதல் சொல்லாக எதைச் சொல்வது என்பதையெல்லாம் எந்த மருத்துவரைவிடவும் நன்றாக எங்களால் சொல்ல முடியும். வந்தவருக்கு உரிய மதிப்பூதியத்தையும் பயணச் செலவையும் உறையில் போட்டுக் கொடுங்கள். மருத்துவருக்குக் கொடுப்பீர்கள் அல்லவா, அதே தொகை.

சிறிய விஷயம் ஒன்று, ஆனால் உயிர் காக்கும் விஷயம். எங்கள் வட்டாரத்தில் உறவின்போது தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளும் பழக்கம் மிகுதி. எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை இளகிக் கிழிந்துவிடும். நீரில் கரையும் ஜெல்லைத்தான் பயன்படுத்த வேண்டும். இதை எந்த மேடையிலும் யாரும் சொல்ல நான் கேட்டதில்லை.

வைகை ஆற்றுநர் எழுதியது:

வணக்கம். அரசு நம்பிக்கை மையம் ஒன்றில் ஆற்றுநராக, அதாவது ஆலோசகராகப் பணிபுரிகிறேன். மஞ்சள் பை அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பரிசோதனை குறித்த நடைமுறைகளை மட்டும் நான் சேர்க்கிறேன்.

என் கருத்தில், கல்லூரி வளாகத்தில் பரிசோதனை வேண்டாம். முகாமில் விரல் நுனியில் குத்தி எடுக்கும் சோதனை முதல்நிலைச் சோதனை மட்டுமே. அதில் எதிர்வினை காட்டினால், நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு வகையான மூன்று சோதனைகளைச் செய்த பிறகே தொற்று உண்டு என்று முடிவு சொல்கிறோம். முதல்நிலைச் சோதனையில் எதிர்வினை வந்த ஒரு மாணவர், கூடாரத்துக்கு வெளியே நண்பர்கள் காத்திருக்கும்போது, எந்த முகத்தோடு வெளியே வருவார் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வரவேண்டியவர் இருபது நிமிடம் உள்ளே இருந்தாலே போதும், கல்லூரி முழுவதும் பேச்சாகிவிடும். மேலும், முதலாண்டு மாணவர்களில் 18 வயது நிரம்பாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் தேவைப்படும். பெயர்ப் பதிவேட்டைப் பொறுத்தவரை, எங்கள் மையத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் கொடுக்கிறோம்; ரத்த மாதிரிக் குழாயில் அந்த எண்தான் இருக்கும், பெயர் இருக்காது.

பரிசோதனைக்கு முந்தைய ஆற்றுப்படுத்தலைத்தான் இந்தப் பணியின் உயிராக நான் கருதுகிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில். மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்கு எடுத்துச் சென்று சோதித்தார். மகத்தான பணி. அன்று ரத்தம் கொடுத்த பெண்கள், மறுத்துப் பேசும் வலிமை எதுவும் இல்லாத நிலையில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறேன். எதற்காக இந்தச் சோதனை, முடிவு எப்படி வந்தால் என்ன செய்யலாம், வேண்டாம் என்றால் எழுந்து போகலாம் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசுவது பிற்காலத்தில் பாடுபட்டு உருவான வழக்கம். கூடாரத்தின் அவசரத்தில் முதலில் பலியாவது அதுதான்.

மாணவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டால், அச்சமூட்டும் படங்களுக்குச் செலவிடும் நேரத்தை இவற்றுக்குக் கொடுங்கள் என்பேன். தொற்று ஏற்பட்டவுடன் சோதனையில் தெரியாது. சோதனை வகையைப் பொறுத்துச் சில வாரங்கள் ஆகும், மூன்று மாதம் கழித்து ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது. பாதுகாப்பற்ற உறவு நேர்ந்துவிட்டால் அல்லது ஆணுறை கிழிந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் மாத்திரைகள் உண்டு. பெப் என்று சொல்வார்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வெள்ளிக்கிழமை இரவு நடந்ததற்குத் திங்கட்கிழமை வரை காத்திருக்காமல், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்க் கேட்க வேண்டும். இந்த ஒரு செய்தி தெரியாததால் வாய்ப்பைத் தவறவிட்ட இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். நாள் கடந்து வந்தவர்களிடம், இனி மூன்று மாதம் காத்திருந்து பார்ப்போம் என்று சொல்வதைவிடக் கடினமான வேலை எனக்கு வேறொன்றும் இல்லை.

தொற்று வருமுன்பே காக்கும் மாத்திரை இன்னொன்று. பிரெப் என்பது அதன் பெயர். டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபினும் சேர்ந்த மாத்திரை அது. தொற்றுக்கு வாய்ப்பு மிகுந்தவர்கள் அனைவருக்கும் இதை வழங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே பரிந்துரைத்தது. நம் நாட்டிலும் 2022இல் தேசிய வழிகாட்டு நெறிகள் வந்தன. தொடங்குமுன் எச்.ஐ.வி. இல்லை என்பதையும், சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா, ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்பதையும் சோதித்துக்கொள்ள வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் எச்.ஐ.வி. சோதனை. நண்பரிடமிருந்து வாங்கிச் சாப்பிடும் மருந்து அல்ல இது. ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் திருநங்கைகள், உறவுக்கு முன்னும் பின்னும் மட்டும் சாப்பிடும் முறையைப் பின்பற்றக் கூடாது. அவர்கள் நாள்தோறும் சாப்பிட வேண்டும். பிற பால்வினைத் தொற்றுகளைப் பிரெப் தடுக்காது என்பதால் ஆணுறைக்கும் வேலை இருக்கிறது.

கறுப்பு அங்கி எழுதியது:

முதல்வருக்குக் காட்ட வேண்டியவற்றை மட்டும் சுருக்கமாகத் தருகிறேன். வழக்குரைஞர் என்ற முறையில்.

வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் தன்பால் உறவு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. திருநர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்பது 2014 ஏப்ரல் 15ஆம் நாள் நால்சா வழக்கில் அதே நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணை, கல்வி நிறுவனங்கள் உட்படப் பல துறைகளிலும் பால்புதுமையர் குறித்த புரிதலை உண்டாக்கும் நிகழ்ச்சிகள் நடத்தப்பட வேண்டும் என்று சொல்கிறது. ஆகவே உங்கள் நிகழ்ச்சி அந்த ஆணையின் உணர்வோடு முழுமையாக ஒத்துப்போகிறது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகவே 2022இல் தமிழ்நாடு அரசு, மரியாதையான தமிழ்ச் சொற்களின் தொகுப்பை அரசிதழில் வெளியிட்டது. நீங்கள் எழுதியுள்ள பால்புதுமையர் என்ற சொல் அதில் இருப்பதுதான். அழைப்பிதழ் அச்சிடும்போது அந்தச் சொற்களையே பயன்படுத்துங்கள். பழைய வசைச்சொற்கள் பேச்சாளர்கள் வாயில்கூட வராதிருக்க, அந்தப் பட்டியலை முன்கூட்டியே அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. விளக்கி, ஒப்புதல் பெற்ற பிறகே சோதனை, ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது. கல்வியிலும் வேலையிலும் பாகுபாடு காட்டக் கூடாது. மன்னியுங்கள் அம்மா, எண்ணிக்கைக்காகத் தொண்டர்களை நீங்கள் அனுப்பிவைத்தது இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு ஒவ்வாத செயல். ஆசிரியர் சொல்லும்போது மாணவரால் மறுக்க முடியாது. பதிவேடு இன்னும் துறை அலமாரியில் இருந்தால், அதைப் பாதுகாப்பாக வைத்து என்ன செய்வது என்று மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரவு ஒன்பது மணி எழுதியது:

இந்த இழையை நேற்றிரவிலிருந்து நான்கு முறை படித்துவிட்டேன். எனக்கு 34 வயது. தன்பாலீர்ப்பாளன். எட்டு ஆண்டுகளாக எச்.ஐ.வி.யோடு வாழ்கிறேன். என் பெயராக நான் இட்டுக்கொண்டிருப்பது நான் மாத்திரை சாப்பிடும் நேரம். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். என் ரத்தத்தில் வைரஸ் இப்போது கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. என்னிடமிருந்து உடலுறவு வழியாக யாருக்கும் தொற்று பரவாது.

ஆசிரியர் கேட்டதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, இரண்டையும் சேர்த்துப் பேசலாமா என்ற கேள்வி. மஞ்சள் பை அக்காவும் ஆற்றுநரும் இதைத் தொடவில்லை. என் பதில்: சேர்த்தே பேசுங்கள், ஆனால் எண்களைச் சொல்லும்போது காரணத்தையும் சொல்லுங்கள். இந்தியாவில் வயதுவந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏறத்தாழ 0.2 விழுக்காடு. 2021ஆம் ஆண்டின் தேசியக் கண்காணிப்பில், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே அது 3.26 விழுக்காடு, திருநங்கைகளிடையே 3.78 விழுக்காடு. இதை மறைத்தால், யாருக்கு ஆணுறையும் பிரெப்பும் பரிசோதனையும் முதலில் போய்ச்சேர வேண்டுமோ அவர்களை மறைத்ததாகிவிடும். காரணம் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால், அது எங்கள் நடத்தைக்குக் கொடுத்த மதிப்பெண்போல ஆகிவிடும். குதவழி உறவில் மென்சவ்வு எளிதில் கிழிவதால் வைரஸ் நுழைவது எளிது. அது உடலின் அமைப்பு. ஆணுறை வைத்திருப்பதையே சான்றாகக் காட்டிக் காவலர்கள் மிரட்டிய காலம் ஒன்று இருந்தது. அதனால் பலர் சட்டைப்பையில் ஆணுறை வைக்கவே அஞ்சினார்கள். மருத்துவரிடம் போனால் உண்மையைச் சொல்ல முடியாது. அச்சத்தால் பரிசோதனை தள்ளிப்போகிறது, தள்ளிப்போகும் காலத்தில் தொற்று பரவுகிறது. இந்த நாட்டில் தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆண் பெண் உறவின் வழியாகவே வந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். எவரும் தன்னை வெளியே நிறுத்திக்கொள்ள இடம் கொடுக்காதீர்கள்.

எனக்குத் தொற்று உறுதியான நாளில், நான் போயிருந்த ஒரு தனியார் ஆய்வகத்தில், காத்திருப்போர் அத்தனை பேருக்கும் கேட்கும்படி என் பெயரைக் கூப்பிட்டு, உறையை ஒட்டாமல் கையில் கொடுத்தார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து அதைப் படித்தேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் எந்த மருத்துவமனைக்கும் போகவில்லை. நல்ல ஆலோசனை ஒரு கால் மணி நேரம் அன்றைக்குக் கிடைத்திருந்தால், அந்த ஏழு மாதத்தை நான் இழந்திருக்க மாட்டேன். வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருப்பவரிடமிருந்து அது பரவுவதில்லை என்பதும் அன்றே தெரிந்திருக்கும். ஐரோப்பாவில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத ஏறத்தாழ 780 ஆண் இணையர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து தொற்று பரவிய நிகழ்வு ஒன்றுகூட இல்லை. உங்கள் மேடையில் திரை இருக்குமானால், நோயுற்ற உடலின் படத்தை எடுத்துவிட்டு இந்தச் சுழியத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

விழிப்புணர்வு நிகழ்ச்சியால் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சென்னையில் 2009 ஜூனில் தொடங்கிய வானவில் பேரணியை, சில ஆண்டுகள் கழித்து ஒருமுறை, சாலையின் எதிர்ப்புறம் நின்று பார்த்தேன். உள்ளே போகத் துணிவில்லை. பேரணியில் நடந்த ஒருவர் சாலையைக் கடந்து வந்து ஒரு துண்டுத்தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றும் கேட்கவில்லை. பின்னாளில் தொற்று உறுதியாகி ஏழு மாதம் கழித்து நான் அழைத்த எண் அந்தத் தாளில்தான் இருந்தது. ஆகவே, பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் கணக்கில் வைக்காதீர்கள். தண்ணீர்க் குடத்துக்கு அருகில் நிற்பவரையும் கணக்கில் வையுங்கள்.

காவிரிக்கரை ஆசிரியை எழுதியது:

உங்கள் அனைவருக்கும் நன்றி. வழக்குரைஞர் சுட்டிய தவறு என்னுடையதுதான். அந்த 9 பேரையும் தனித்தனியே அழைத்துப் பேசி, மன்னிப்புக் கேட்டேன். பதிவேடு இப்போது முத்திரையிட்ட உறையில் இருக்கிறது. மாவட்ட அலகுக்கு எழுதியிருக்கிறேன்.

கூடாரம் இல்லை என்று முடிவு செய்துவிட்டோம். அதற்குப் பதிலாக, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சீட்டு அச்சிடுகிறோம். நம்பிக்கை மையம் எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் இருக்கிறது, எந்த நேரத்தில் கூட்டம் குறைவு, 1097 என்ற இலவச உதவி எண், பெப் மாத்திரைக்கான 72 மணி நேரக் கணக்கு ஆகியவை அதில் இருக்கும். பேருந்துப் பயண அட்டையின் உறைக்குள் செருகிவைக்கும் அளவு. எல்லா மாணவருக்கும் கொடுக்கிறோம், அதனால் வைத்திருப்பவரை யாரும் அடையாளம் காண முடியாது. நூலகம், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய மூன்று இடங்களிலும் கேள்விப் பெட்டிகள் வைக்கிறோம். கேள்விகளை ஒரு வாரம் முன்பே திறந்து, பேச்சாளர்களுக்குக் கொடுத்துவிடுவோம். உரை அரை மணி நேரம் மட்டும். மீதி நேரம் முழுவதும் கேள்விகளுக்கே. இரவு ஒன்பது மணி அவர்கள் சொன்ன சுழியம் திரையில் இருக்கும்.

முதல்வர் ஒப்புதல் அளித்துவிட்டார். ஆணுறை அணியும் முறையை மேடையில் காட்டுவதற்கு மட்டும் தயங்குகிறார், அதைப் பேசிக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் பை அக்கா, வர இயலுமா என்று உங்களை இங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன். நீங்கள் பேச வேண்டிய தலைப்பு: பயந்து வருகிறவரிடம் சொல்ல வேண்டிய முதல் சொல்.

என்னிடம் வந்த மாணவர் இந்த இழையைப் படித்தார். முதல் கேள்வியைத் தண்ணீர்த் தொட்டிப் பெட்டியில் தானே போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மஞ்சள் பை எழுதியது:

வருகிறேன், அம்மா. மேடையில் காட்ட முதல்வர் ஒப்பவில்லை என்றால் வருத்தப்படாதீர்கள். மரத்தடியில் பத்துப் பத்துப் பேராக உட்காரவைத்துக் காட்டிவிடலாம், எங்களுக்கு அதுதான் பழக்கம். ஆணுறைப் பெட்டிகளை முன்கூட்டியே வாங்கினால் வண்டிப் பெட்டியிலோ வெயில் படும் சன்னலோரத்திலோ வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும். காலாவதித் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விழா முடிந்ததும் நான் உடனே கிளம்ப மாட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவையுங்கள்.